ஏற்றுக்கூலி

“முன்னாடி தாழ்த்து. பின்னாடி தூக்கு. மூலை வருது, காலை முதல்ல விடு” என்று சொல்லிக்கொண்டே குண்டு பின்வாக்கில் ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினான்.

நாற்காலியில் அப்பா இருந்தார். மூன்றாம் மாடியிலிருந்து தெருவில் நிற்கும் ஆம்புலன்ஸ் வரைக்கும் அவரை இறக்க வேண்டும். லிஃப்ட் கிடையாது. ஸ்ட்ரெச்சர் இந்தப் படி வளைவில் திரும்பாது. அதனால் வீட்டில் இருந்த ஒரே மர நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சைச் சுற்றிப் போர்வையால் கட்டியிருந்தார்கள். முன்கால்களைக் குண்டும் தம்பியும் பிடித்திருந்தார்கள். முதுகுப் பக்கம் மேஸ்திரி.

குண்டு என்பது பேர்தான். ஆள் ஊதினால் பறந்துவிடுவான். அவனும் மேஸ்திரியும் அப்பாவோடு சேர்ந்து லோடு இறக்கியவர்கள். வீடு மாற்றிக் கொடுக்கிற கம்பெனி. இந்த ஊரில் பாதிப் பேர் எப்போதும் வீடு மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்தப் பாதிப் பேரின் பீரோவும் ஃப்ரிட்ஜும் அப்பாவின் முதுகில் ஏறி இறங்கியிருக்கின்றன. முதலில் முதுகு போனது, அப்புறம் நுரையீரல். இப்போது அவரே லோடு.

மகள், தம்பியின் அக்கா, பின்னால் மருத்துவமனைப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பையில் ஸ்கேன் படங்கள், மாற்றுத் துணி, ஒரு தண்ணீர் பாட்டில். எதுவும் தேவைப்படாது என்று அவளுக்குத் தெரியும். “வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்க, இனி இங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்ல” என்று டாக்டர் சொல்லி அனுப்பிய ஆளைத்தான் திரும்ப அங்கேயே கொண்டுபோகிறார்கள். காரணம் நோயில்லை. கீழே குடியிருக்கும் ஓனரம்மா.

காலையில் அப்பாவின் மூச்சு மாறியதும் அந்தச் சத்தம் எப்படித்தான் இரண்டு மாடி தாண்டிக் கேட்டதோ, ஓனரம்மா கீழேயிருந்து ஃபோன் செய்துவிட்டாள்.

“தப்பா நினைக்காதம்மா. ஆஸ்பத்திரில சேத்துடுங்க. பக்கத்துத் தெருவுல ஒரு வீட்ல ஒருத்தர் போயிட்டாரு, அந்த வீடு அப்புறம் பூட்டியே கெடந்துச்சு. எவனும் எட்டிப் பாக்கல. எனக்கு இந்த வாடகைதான் சோறு. உனக்குத் தெரியாததா?”

அம்மா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். “அவங்க சொல்றதும் நியாயம்தானே” என்றாள். அம்மாவுக்கு எல்லார் சொல்வதும் நியாயம்தான். “இப்ப இந்த வீட்டையும் விட்டா எங்கடி போவோம்? அட்வான்ஸுக்கு எங்க போவோம்? உங்கப்பாவுக்கு இப்ப எங்க இருக்கோம்னு தெரியவா போகுது?”

தெரியும். பேச்சு நிற்பதற்கு முன்னால் அவர் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தையே அதுதான். “என்னை எறக்கிடாதீங்க.” ஆயுள் முழுக்க இறக்கியே பழகியவர் தன்னை மட்டும் இறக்க வேண்டாம் என்று கேட்டார். அதைத் தம்பியும் தன் காதால் கேட்டான். ஆனாலும் மகள்தான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தாள். களைப்பாக இருந்தது. யாரோடும் சண்டை போடத் தெம்பில்லை.

வீடு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவளுக்கு இப்போதெல்லாம் களைப்புதான் வருகிறது. அவள் வேலை அப்படி. வீட்டுக் கடன் கொடுக்கிற கம்பெனியில், கடன் கேட்கிறவர்களின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்கிற வேலை. அவர்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி, படித்த படிப்புக்குக் கிடைத்தது ஊரான் வீட்டு உலைமூடியைத் திறந்து பார்ப்பது. அங்கே ஆபீஸில் இதற்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. சம்பாதிக்கிறவன் கை, சாப்பிடுகிறவன் வாய். “எத்தனை கை, எத்தனை வாய்?” என்றுதான் மேனேஜர் கேட்பார். இரண்டு கை, மூன்று வாய் என்றால் ஃபைல் ஓடும். ஒரு கைக்கு நாலு வாய் என்றால் உட்கார்ந்துவிடும். படுக்கையில் கிடக்கிற வாய் இருந்தால் அதை ஒன்றரையாக எண்ண வேண்டும், ஏனென்றால் அது மருந்தும் சாப்பிடும்.

ஜனங்களுக்கும் இது தெரிந்துவிட்டது. அவள் போகிற நாளில் மாமனாரை அக்கம்பக்கத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். படிக்கிற கொழுந்தனை சினிமாவுக்கு அனுப்பிவிடுவார்கள். “நாங்க ரெண்டு பேரு, ஒரு பாப்பா, அவ்ளோதான் மேடம்” என்று சிரிப்பார்கள். அவள் கைகழுவ வேண்டும் என்று குளியலறைக்குள் போவாள். குவளையில் ஆறு பிரஷ் நிற்கும்.

வெளியே வந்து எதுவும் கேட்க மாட்டாள். எழுதிவிட்டுப் போய்விடுவாள். ஒழுங்காக வேலை செய்கிறவள் என்று பேர்.

போன மாதம் அவளே விண்ணப்பம் போட்டாள். ஊருக்கு வெளியே, பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், ஒரு சின்ன வீடு. பார்க்க வந்தது அவளுடன் வேலை பார்க்கிறவர்தான். அதற்கு முதல் நாள் அம்மா சொன்னாள், “ஒரு மணி நேரம் உங்கப்பாவைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிட்டுப் போயிடலாமா? அவங்ககிட்ட கேட்டுட்டேன்.”

“அவர் என்ன சைக்கிளாம்மா, பக்கத்து வீட்ல நிறுத்தி வைக்க?” என்று அவள் கத்தினாள்.

கட்டிலில் கிடந்த அப்பாவுக்குச் சிரிப்பு. இருமிக்கொண்டே சிரித்தார். “நான் இப்போ கையும் இல்ல, வாயும் சரியாத் தொறக்கல. என்னை எந்தப் பக்கம் எழுதுவான் உங்க ஆளு?”

உங்க ஆளு சரியான பக்கத்தில்தான் எழுதினார். தம்பி பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன், சம்பளச் சீட்டு கிடையாது, அது கையில் சேராது. அம்மா தைத்துக் கொடுத்து வாங்குவதும் சேராது. அப்பா எத்தனையோ வருஷம் தூக்கியதும் எந்தக் காகிதத்திலும் இல்லை. மிச்சம் இவள் ஒருத்தி. அதிலும் கல்யாணமாகாத பெண். “நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போயிடுவ, தவணையை யாரு கட்டுவா?” என்று மேனேஜர் அவளிடமே கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. “ஒரு கை கூடணும், இல்ல ஒரு வாய் குறையணும்மா. நீயே நாலு பேருக்கு இதைத்தானே எழுதுற” என்றார்.

அது உண்மை.

“சுவத்துல இடிக்காம பாத்து எறக்குங்க” என்று கீழேயிருந்து ஓனரம்மா குரல் கொடுத்தாள். “இப்பதான் பெயிண்ட் அடிச்சது.”

“இவங்க வேற” என்று முனகினான் தம்பி.

இரண்டாம் மாடிக்குக் கீழே வளைவு. குண்டு ஒரு காலைக் கீழ்ப்படியில் ஊன்றி, நாற்காலியைச் சாய்த்துத் திருப்பினான். திருப்பும்போதே சட்டென்று நின்றான்.

“சரக்கு தொய்யுது” என்றான்.

லோடுக்காரர்கள் பேச்சு அது. கட்டு விட்டுப்போய் உள்ளே இருப்பது ஒரு பக்கமாகச் சரிந்தால் அப்படிச் சொல்வார்கள். சொன்ன பிறகுதான் யாரைச் சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. பிடியை இறுக்கிக்கொண்டான். மேஸ்திரியின் கைக்கும் அது தெரிந்திருந்தது. உயிருள்ள மனுஷன் தூக்குகிறவனுக்குத் தெரியாமலே தன்னைக் கொஞ்சம் தானே தூக்கிக்கொள்வான். அந்தக் கொஞ்சம் இப்போது இல்லை. மூன்று பேர் கையிலும் முழு எடை வந்து இறங்கியிருந்தது.

தம்பிக்கு மட்டும் புரியவில்லை. “ஏன் நின்னுட்டீங்க? கை வலிக்குது மாமா, நடங்க.”

மகள் பையைப் படியில் வைத்துவிட்டு இரண்டு படி இறங்கி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். மூக்குக்குக் கீழே கை வைத்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அடுத்த திருப்பத்தை அளந்துகொண்டிருக்கிற மாதிரிதான் இருந்தது.

இதை வெளியே சொல்லாமல் இருந்தால் வேலை சுலபம். இப்படியே இறங்கிவிடலாம். ஆம்புலன்ஸில் ஏற்றினால், ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, ‘வர்ற வழியில போயிட்டாரு’ என்று எழுதிவிடுவார். அங்கிருந்து நேரே தகன மேடைக்கு. ஓனரம்மாவின் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அவர்களுக்கும் வீடு தங்கும்.

“என்னம்மா, ஏன் நின்னுட்டீங்க?” என்று கீழேயிருந்து கேட்டது.

மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். ஓனரம்மா வாசல் கம்பிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள்.

“அப்பா போயிட்டாரு ஆன்ட்டி.”

ஓனரம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: “எங்க? வீட்டுக்குள்ளயா, படியிலயா?”

“படியில.”

“படின்னா பரவால்லம்மா” என்றாள் ஓனரம்மா. நிஜமாகவே அவளுக்கு மூச்சு வந்தது. “படி பொதுதானே. அப்படியே கீழ கொண்டு வந்துடுங்க. நல்ல மனுஷன், யாருக்கும் தொந்தரவு குடுக்காமப் போயிட்டாரு.”

மகள் கைப்பிடிச் சுவரை விட்டு நிமிர்ந்தாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல். சுவரில் ஆணி அடிக்காமல், மாடியில் துணி காயப்போடாமல், சத்தமாக டிவி வைக்காமல், வீட்டுக்கு நாலு விருந்தாளி சேர்ந்தாற்போல வராமல். கடைசியில் உள்ளே சாகாமல், வெளியே சாகாமல், பொதுவில்.

“மேல தூக்குங்க” என்றாள்.

“அக்கா, கீழ வண்டி நிக்குது” என்றான் தம்பி. அவன் கண் கலங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு கையும் நாற்காலியில் இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

“வண்டியை நான் அனுப்பிக்கிறேன். அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போங்க.”

“நம்மளைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்கக்கா.”

“சொல்லட்டும்.”

“அம்மாகிட்ட கேளு.”

அம்மா மேலே வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். சாத்தியிருந்த மறு கதவின் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் அகலத் திறக்கிற ஓசை வந்தது. சின்னச் சாமான் போக ஒரு கதவு போதும். பெரிய சாமானுக்குத்தான் இரண்டும்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். “பாப்பா, ஏத்தணும்னு முடிவா?” அவர்களுக்கு அவள் இன்னமும் பாப்பாதான்.

“ஏத்துங்க மாமா.”

“எறக்கின லோடை ஏத்தச் சொன்னா ரெட்டைக் கூலி கேப்பான் உங்கப்பன்” என்றார் அவர். “டேய் குண்டு, நீ மேல வா. நான் கீழ போறேன். எடை இப்ப கீழதான் வரும்.”

ஆம்புலன்ஸ்காரன் தகராறு ஏதும் செய்யவில்லை. இந்தத் தெருவில் இப்படித் திரும்பிப் போவது அவனுக்கு முதல் தடவை இல்லை போலிருக்கிறது. ஓனரம்மாதான் கம்பிக் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“படிச்ச பொண்ணு நீ. புரிஞ்சுக்குவன்னு நெனச்சேன்.”

“புரியுது ஆன்ட்டி” என்றாள் மகள்.

அப்பாவை முன்னறையில் ஜன்னலுக்குக் கீழே கிடத்தினார்கள். கட்டிலை மடித்து நிறுத்தியதும் அறை பெரிதாகிவிட்டது. இவ்வளவு இடம் இருந்ததா என்று தோன்றியது. அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, நாற்காலியில் கட்டியதில் கசங்கிய சட்டையை நீவிவிட்டாள். நீவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஜனம் வரத் தொடங்கியது. வேலை முடிந்து நேரே வந்த லோடுக்காரர்கள், முதுகுப் பட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருத்தன் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம், “சின்ன வண்டி போதும், ஒரே டிரிப்” என்றான். பழக்கம். அவன் முழங்கையில் மேஸ்திரி இடித்தார்.

சாயங்காலம் மேனேஜர் ஃபோன் செய்தார். மகள் சமையலறைக்குள் போய்ப் பேசினாள்.

“மனசைத் தேத்திக்கோம்மா. லீவு பத்தியெல்லாம் கவலைப்படாத.”

“சரி சார்.”

“அப்புறம்… இப்ப சொல்லக் கூடாது. ஆனா நீ கஷ்டப்படறதைப் பாத்திருக்கேன், அதான். உன் ஃபைலை நான் மூடல. திரும்பப் போட்டா இந்தத் தடவை ஓடும். கைக்கு வாய் சரியா வந்துடும்.”

அவர் சொன்னதில் அவளுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கை அவள் முன்பே போட்டுவிட்டிருந்தாள். படி வளைவில், அப்பாவின் மூக்குக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு நின்றபோதே, தலை தன்பாட்டுக்குப் போட்டுவிட்டது. ஒன்றரை குறைகிறது என்று.

“சரி சார்” என்றாள்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள், “யாரு?”

“ஆபீஸ்.”

“லீவு குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஓனரம்மா மேலே வந்தாள். முட்டி வலிக்காரி, மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினாள். உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே அப்பாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து போனாள்.

“என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன மொத்தத்தையும் இதுல போட்டுக் கட்டினாரு” என்றாள் ஓனரம்மா. “வித்துட்டு வந்து தன்கூட இருன்னு மகன் சொல்றான். அங்க போனா நான் யாரு? இந்த வாடகை நின்னா நானும் போய் அவன் கையைத்தான் பாக்கணும்.”

“எனக்குத் தெரியும்மா” என்றாள் அம்மா.

“மாசக் கடைசிக்குள்ள பாத்துக்கோங்க.”

“அப்பா இங்கதான் இருக்காரு ஆன்ட்டி” என்றாள் மகள் உள்ளேயிருந்து. “காலி பண்ணச் சொல்றதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. இதுவரைக்கும் எத்தனையோ தடவை கேட்டுட்டாரு.”

ஓனரம்மா இறங்கத் தெம்பில்லாமல், அங்கேயே மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவதற்குக்கூட ஒழுங்கான ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவை மேஸ்திரியும் குண்டும் மற்றவர்களும் இறக்கினார்கள். ஒரு மூலையிலும் இடிக்கவில்லை. மகளும் கூடப் போனாள். தகன மேடையில் வரிசை இருந்தது, காத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து அக்காவும் தம்பியும் தெருமுனையில் இறங்கி நடந்து வந்தபோது, வாசல் கம்பிக் கதவில் அட்டை தொங்கியது. வீடு வாடகைக்கு. மூன்றாம் மாடி. நல்ல காற்று.

அட்டைக்குக் கீழே ஒரு ஜோடி நின்றிருந்தது. அவன் கையில் ஹெல்மெட். அவளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது போலிருந்தது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“அக்கா, மேல இருக்கறது நீங்கதானே?” என்றாள். “ஓனரம்மாவுக்கு முட்டி வலியாம். நீங்க காட்டுவீங்கன்னு சொன்னாங்க.”

தம்பி பல்லைக் கடித்தான். மகள் அவன் தோளைப் பிடித்து விலக்கிவிட்டு, “வாங்க” என்றாள்.

படி ஏறும்போது ஹெல்மெட்காரன் வழக்கமான கேள்விகளைக் கேட்டான். தண்ணீர் எப்போது வரும், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குள் ஒரு வார்த்தை தயாராகிக்கொண்டே வந்தது. அதை எங்கே வைத்துச் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

அம்மா அப்போதுதான் முன்னறையைக் கழுவிவிட்டிருந்தாள். தரை ஈரமாக இருந்தது. ஓரத்தில் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களைப் பார்த்ததும் அம்மா சமையலறை வாசலுக்கு ஒதுங்கினாள்.

“முன்னாடியே சொல்லிடறேன்” என்றாள் மகள். ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினாள். “எங்க அப்பா நேத்து செத்துட்டாரு. இந்த வீட்லதான். இந்த எடத்துல.”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“பாவம்” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “அதுக்காக வாடகை ஏதாச்சும் கொறைப்பாங்களாக்கா?”

தம்பி வாசலில் நின்றவன் திரும்பிப் படியைப் பார்த்துக்கொண்டான்.

“கேட்டுப் பாருங்க” என்றாள் மகள்.

“நீங்க சொன்னீங்கன்னு சொல்லலாமா?”

“சொல்லுங்க.”

“காலையிலேர்ந்து இது ஏழோ எட்டோ வீடு” என்றாள் அவள். “குழந்தை பொறக்கப் போகுதுன்னா ரெண்டு பேரு மூணாயிடுவீங்கன்னு சொல்லிடறாங்க. கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?”

“ஏய், ஈரம்” என்றான் அவன்.

“இருக்கட்டும்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஜன்னலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். செருப்புப் பட்டை பதிந்து வீங்கியிருந்த கால்களை நீட்டி, குதிகாலைக் குளிர்ந்த தரையில் வைத்துக் கண்ணை மூடினாள்.

அம்மா சமையலறை வாசலிலிருந்து வந்து, டேபிள் ஃபேனைத் தூக்கி, அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.